ரைசன் 5 7600-ஆ, கோர் ஐ5 13400-ஆ? ஒரே மேசையில் இரண்டு பெட்டிகள்

அக்கா மகனுக்கு ஒன்று, நண்பருக்கு ஒன்று என ஒரே நாளில் இரண்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய உட்கார்ந்தேன். ஏஎம்டியின் ரைசன் 5 7600, இன்டெலின் கோர் ஐ5 13400, இரண்டு பிராசஸரும் 2023 ஜனவரியில் வந்தவை. இரண்டிலும் 65 வாட் என்றே போட்டிருக்கும், கூலரும் பெட்டியிலேயே இருக்கும். நேருக்கு நேர் வைத்துப் பார்க்க நல்ல ஜோடி.

ரைசனைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதன் உலோக மூடி. ஓரங்களில் வெட்டி வெட்டி, எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்கும். இடுக்குகளில் பொடிப்பொடியாகக் கெபாசிட்டர்கள். தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) கூடிப்போனால் அந்த இடுக்குகளில்தான் போய் இறங்கும், துடைத்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூலரின் அடியில் ஏற்கெனவே தடவியிருக்கும் பேஸ்டே போதும், மேற்கொண்டு எதுவும் தடவாதீர்கள். ஐ5 நீள்சதுரம், மூடி மழமழவென்று இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கூலர் மாட்டுவதில் ரைசன் கொஞ்சம் வேலை வாங்குகிறது. மதர்போர்டிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டையும் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். முடித்தபின் பிடிப்பு கெட்டியாக இருக்கிறது. இன்டெலில் நான்கு பின்னையும் அழுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் போர்டைத் திருப்பி, நான்கும் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரி, உள்ளே என்ன? ரைசனில் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை), 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). ஐ5-இல் 6 பெரிய கோரும் 4 சிறிய கோரும் சேர்ந்து 16 த்ரெட், 4.6 கிகாஹெர்ட்ஸ், 20 எம்பி கேஷ். கேம் என்றால் ரைசன் முந்தும். எல்லாக் கோரையும் ஓடவிடும் ரெண்டரிங் போன்ற வேலையில் ஐ5-க்குக் கை ஓங்கும், ஆனால் டர்போவில் (வேகத்தைக் கூட்டி ஓடும்போது) 148 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு.

என் கணக்கில் முடிவைச் சொல்வது மதர்போர்டுதான். ஐ5 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் கதை 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது; 2024-இல் இன்டெல் புது சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ரைசன் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 9800எக்ஸ்3டி போன்ற பிந்தைய பிராசஸரையும் போடலாம். கல்லூரியில் சேரப்போகும் பையனுக்கு அதனால்தான் ரைசன். நண்பரிடம் 32 ஜிபி டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தது. ரைசனுக்கு டிடிஆர்5 மட்டும்தான், ஐ5-க்கு இரண்டுக்கும் போர்டு உண்டு. அவருக்கு ஐ5 எடுத்தது சரியே.

அப்புறம் ஒன்று. ரைசனை முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பயந்துபோய் பவரை அணைத்துவிடாதீர்கள்.