சார்ல்ஸ்டன் போனால் ஏய்கன்-ரெட் வீட்டை விடாதீர்கள்

அமெரிக்கா போகும் நம்ம சிங்கப்பூர்க்காரர்கள் பெரும்பாலும் நியூயார்க், நயாகரா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். தெற்குப் பக்கம் போக வாய்ப்பு கிடைத்தால் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இறங்கி, எலிசபெத் தெருவில் இருக்கும் இந்த வீட்டைப் பாருங்கள். 1820 வாக்கில் கட்டிய மாளிகை இது. 1995 முதல் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் பராமரிக்கிறது, ஆனால் புதுப்பிப்பதில்லை, கிடைத்த நிலை மேலும் கெடாமல் காப்பதோடு சரி.

சுவர்த்தாள் உரிந்து கிடக்கிறது, பூச்சு உதிர்ந்த இடத்தில் பழைய வண்ணம் எட்டிப் பார்க்கிறது. லிட்டில் இந்தியாவில் பளபளப்பாக வண்ணமடித்த கெர்பாவ் ரோடு டான் டெங் நியா வீட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கும்.

பின்கட்டுக்குக் கட்டாயம் போங்கள். அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் சமைத்த அடுப்படி, அதற்கு மேலே அவர்கள் தங்கிய அறைகள், எதிரே குதிரை லாயம், எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஒலிவழிகாட்டி அவர்கள் வாழ்க்கையை மழுப்பாமல் சொல்கிறது. என்னை உலுக்கியது அந்தப் பகுதிதான்.

ஊரையும் நடந்தே பாருங்கள். பழைய கட்டடங்களுக்காக 1931-லேயே சட்டம் போட்ட நகரம், நம்ம லிட்டில் இந்தியாவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது 1989-ல். 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்களை இழுத்துக் கட்டிய கம்பிகளின் இரும்புத் தகடுகள் இன்னும் வெளியே தெரிகின்றன.

அப்புறம், அதே ஃபவுண்டேஷன் முழுசாகச் சீரமைத்த நதானியல் ரஸல் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள், 1808-ல் முடித்தது, தாங்குதூணே இல்லாமல் சுழன்று ஏறும் அந்தப் படிக்கட்டுக்காகவே போகலாம்.