டிஏசி பிழைக் கணக்கு: நேராகக் கூட்டுவதா, வர்க்கமூலம் எடுப்பதா?

டிஏசி என்பது டிஜிட்டல் எண்ணை வோல்ட்டாக மாற்றும் சிப். அதன் பிழைகளை எப்படிக் கூட்டுவது என்பது வியாசர்பாடியில் எங்கள் ஷெட்டில் தீராத வாக்குவாதம். மணலியில் ஒரு ட்ரைவுக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வேகக் கட்டளை கொடுக்க 0-5 வோல்ட் போர்டு வேண்டும், பிழை முழு அளவில் 0.3 சதவீதம், அதாவது 15 மில்லிவோல்ட் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 12 பிட் டிஏசி, தனி ரெஃபரன்ஸ் (டிஏசி அளவுகோலாக வைத்துக்கொள்ளும் நிலையான வோல்ட்டேஜ்). ஒரு எல்எஸ்பி, அதாவது மிகச் சிறிய படி, 1.22 மில்லிவோல்ட்.

முதலில் எல்லாவற்றையும் மில்லிவோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சதவீதமும் எல்எஸ்பியும் பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கலந்து கிடந்தால் கணக்கு உருப்படாது. ஆஃப்செட், அதாவது எல்லா இடத்திலும் ஒரே அளவில் வரும் விலகல், 5. கெயின், அதாவது சாய்வில் வரும் பிழை, 0.2 சதவீதம், அது 10. ஐஎன்எல், அதாவது நேர்கோட்டிலிருந்து வளையும் அளவு, 4 எல்எஸ்பி, அது 4.9. ரெஃபரன்ஸின் ஆரம்பப் பிழை 0.1 சதவீதம், அது 5. ரெஃபரன்ஸ் டிரிஃப்ட், அதாவது சூட்டில் நகர்வது, டிகிரிக்கு 25 பிபிஎம். 25 டிகிரியில் ஆரம்பித்து மே மாத வெயிலில் பேனலுக்குள் 55 வரை ஏறினால் 3.75. (டிஏசிக்கும் சொந்த டிரிஃப்ட் உண்டு, இங்கே சுருக்கத்துக்காக விட்டிருக்கிறேன்.)

நேராகக் கூட்டினால் 28.6. ஃபெயில். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அதாவது ஆர்எஸ்எஸ், 13.7. பாஸ்! அதே சிப், அதே டேட்டாஷீட்.

ஆர்எஸ்எஸ்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்து பிழையும் ஒரே போர்டில், ஒரே திசையில், உச்சத்தில் வந்து நிற்பது அபூர்வம். ஆனால் அவை ஒன்றையொன்று சாராதவை என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. சூடு ஏறும்போது ரெஃபரன்ஸும் கெயினும் சேர்ந்தே நகர்ந்தால் அந்த இரண்டையும் நேராகக் கூட்டிவிட்டுத்தான் வர்க்கமாக்க வேண்டும். இன்னொரு கோளாறு, டேட்டாஷீட்டின் டிபிக்கல் (வழக்கமான அளவு) பத்தியில் இரண்டு எண், மேக்ஸிமம் பத்தியில் மூன்று எண் என்று எடுத்துக் கலப்பது. அப்படி வரும் விடைக்கு அர்த்தமே கிடையாது.

நேர்க்கூட்டலுக்கு இந்தத் தலைவலி இல்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பி சிப் வாங்கினால் தேவையில்லாமல் விலை ஏறும். அதோடு, கெயின் பிழை முழு 10 ஆக இருப்பது டிஏசிக்குக் கொடுக்கும் எண்ணின் (கோடு) உச்சத்தில்தான். பாதியில் அது 5, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ட்ரைவ் பெரும்பாலும் பாதி வேகத்தில்தான் ஓடும் என்றால் அதையும் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்தச் சண்டையே வேண்டாம், போர்டு போர்டாக இரண்டு புள்ளியில் அளந்து கேலிபரேட் செய்துவிடுங்கள். ஆஃப்செட், கெயின், ரெஃபரன்ஸின் ஆரம்பப் பிழை மூன்றும் போய்விடும். மிச்சம் ஐஎன்எல்லும் டிரிஃப்டும். நேராகக் கூட்டினாலே 8.6தான். கீழ்ப் புள்ளியாக கோடு 0 எடுக்காதீர்கள், அவுட்புட் பஃபர் (வோல்ட்டை வெளியே தரும் கடைசிக் கட்டம்) 0 வோல்ட் வரை இறங்காது. 100, 4000 மாதிரி எடுங்கள். அப்புறம் அளக்கும் மீட்டர். 0.5 சதவீத மீட்டர் 5 வோல்ட்டில் தானே 25 மில்லிவோல்ட் பொய் சொல்லும். 0.05 சதவீதம் என்றால் 2.5தான், அதையும் சேர்த்து 11.1, பார்ட்டி கேட்ட 15க்குள் அடங்கிவிடுகிறது. ஷெட்டில் ஏசி இல்லாததும் ஒரு வகையில் நல்லது: 35 டிகிரியில் கேலிபரேட் செய்தால் 55 வரை ஏற 20 டிகிரிதான் பாக்கி, டிரிஃப்ட் 2.5க்கு இறங்கிவிடும்.