நேட்டோவில் சேராமலே நேட்டோவோடு: மூன்று வழிகள், மூன்று விளைவுகள்

உறுப்பினர் ஆகாமல் நேட்டோவோடு கைகோக்க விரும்பும் நாட்டுக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. 1994 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் உச்சி மாநாட்டில் பிறந்த 'அமைதிக்கான பங்காண்மை', அதே ஆண்டு தொடங்கிய 'மத்தியதரைக்கடல் உரையாடல்', 2004-இல் வளைகுடா நாடுகளுக்காக வந்த 'இஸ்தான்புல் ஒத்துழைப்பு முன்முயற்சி'. ஜப்பான், ஆஸ்திரேலியா, கொலம்பியா போன்ற தொலைதூர நாடுகளோடு தனித்தனி ஏற்பாடு. எந்த வழியில் போனாலும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு கிடைக்காது. தாக்கப்பட்டால் துணைக்கு வந்தே தீர வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. கிடைப்பது நேட்டோ படைகளோடு சேர்ந்து இயங்கும் திறன்தான். அதை வைத்தே மூன்றையும் எடைபோட வேண்டும்.

அந்த அளவுகோலில் அமைதிக்கான பங்காண்மை வெகுதூரம் முன்னால் நிற்கிறது. முதலில் பொதுக் கட்டமைப்பு ஆவணத்தில் கையெழுத்து. அடுத்து, எந்தப் படையை, எந்த வசதியைத் தர முடியும் என்று அந்த நாடே எழுதிக் கொடுக்கும் ஆவணம். அதன் மேல் அந்த நாட்டுக்கென ஒரு திட்டம். 1995-இல் திட்டமிடலும் மீளாய்வும் என்ற நடைமுறை சேர்ந்தபின்தான் இதற்குப் பல் முளைத்தது: குறிப்பிட்ட படைப்பிரிவுக்கு இலக்கு வைத்து, நிறைவேறியதா என்று நேட்டோ திரும்ப வந்து பார்க்கும். விரும்பும் நாடு தன் பிரிவுகளை இரண்டு நிலைச் சோதனைக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு நிலையிலும் முதலில் சுயமதிப்பீடு, பிறகு நேட்டோவின் மதிப்பீடு. நேரடி அச்சுறுத்தலை உணர்ந்தால் கலந்துபேசும் உரிமையும் கட்டமைப்பு ஆவணத்திலேயே உண்டு.

மத்தியதரைக்கடல் உரையாடலில் இஸ்ரேல், எகிப்து, ஜோர்டான், மொராக்கோ, துனிசியா, மவுரித்தேனியா, அல்ஜீரியா என ஏழு நாடுகள். இஸ்ரேலையும் அரபு நாடுகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஆழமான வேலை செய்வது கடினம். அதனால் பெரும்பாலும் நேட்டோவும் ஒரு நாடும் என்ற கணக்கிலேயே காரியம் நடக்கிறது. வளைகுடா ஏற்பாட்டில் பஹ்ரைன், குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் மட்டுமே. சவூதியும் ஓமானும் சேரவில்லை. வளைகுடாவின் மிகப்பெரிய நாடு வெளியே நிற்கும்போது, வட்டார அளவில் எதையும் கட்டுவது சிரமம்.

ஆனால் ஏட்டில் மெலிந்த ஏற்பாடு களத்திலும் மெலிந்ததாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2011 லிபியா நடவடிக்கைக்கு ஜோர்டான், மொராக்கோ, கத்தார், அமீரகம் நான்குமே வந்தன. அரசியல் விருப்பம் இருந்தது, வந்தார்கள். வந்த பிறகு சேர்ந்து பறப்பதுதான் கடினம். அமைதிக்கான பங்காண்மையில் பதினேழு ஆண்டுகள் இருந்த ஸ்வீடனுக்கே அந்தச் சிக்கல் நேர்ந்தது. லிபியா நடவடிக்கைக்காக அதன் கிரிப்பென் போர் விமானங்கள் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சிகோனெல்லா தளத்தில் இறங்கியபோது, அங்கே இருந்தது அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தும் ஜேபி-5 எரிபொருள். கிரிப்பெனுக்கு வேண்டியது ஜெட் ஏ-1. கூடவே நேட்டோவின் இரகசியக் கணினி வலையில் நுழையவும் தொடக்கத்தில் தடை. பயிற்சிகளில் கண்ணில் படாத இந்த ஓட்டைகள்தான் உண்மையான நடவடிக்கையில் விமானத்தைத் தரையில் நிறுத்துகின்றன.

ஸ்வீடனும் பின்லாந்தும் 2014-இல், நேட்டோ படைகளைத் தங்கள் மண்ணில் ஏற்று உதவுவதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2022 மே மாதம் இரண்டும் உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது படைகளின் தரம் பற்றிய கேள்வி பெரிதாக எழவில்லை. இழுத்தடித்தது அரசியல்: பின்லாந்து 2023 ஏப்ரல் 4-இல் சேர்ந்தது, துருக்கியும் ஹங்கேரியும் தாமதித்ததால் ஸ்வீடன் 2024 மார்ச் 7 வரை காத்திருந்தது.

ஜார்ஜியாவும் இதே பங்காண்மையில்தான் இருந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் பெரும் படை அனுப்பியது. 2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் நேட்டோ உச்சி மாநாட்டில் "உறுப்பினர் ஆகும்" என்ற வாக்கு கிடைத்தது, தேதி கிடைக்கவில்லை. ஆகஸ்டில் ரஷ்யாவோடு போர் வந்தது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவிலும் தெற்கு ஒசேத்தியாவிலும் ரஷ்யப் படை இன்னும் நிற்கிறது. தேதியில்லாத வாக்கு, பங்காண்மை தரக்கூடியதிலேயே ஆபத்தானது என்பது என் கணிப்பு: எதிரியை உசுப்பும், கேடயம் தராது.

மால்டோவா போல அரசியல் சட்டத்திலேயே நடுநிலையை எழுதிவைத்த நாடு வாக்குறுதிக்காக அலைய வேண்டாம். இரகசியத் தகவல் பரிமாற்ற உடன்பாடு, மறையாக்க (பிறர் ஒட்டுக்கேட்க முடியாத) வானொலிக் கருவிகள், எரிபொருள்–வெடிமருந்துத் தர ஒற்றுமை, இந்த வரிசையில் பணத்தையும் ஆட்களையும் போடலாம். முதலாவது முடியாமல் இரண்டாவதை வாங்கினால், நேட்டோவின் மறையாக்கச் சாவிகள் கைக்கு வராமல் கருவிகள் கிடங்கில் கிடக்கும்.