நாஸ் பெட்டியும் நீண்ட தமிழ்ப் பெயர்களும்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தும் இரட்டை வட்டு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமித்து வைக்கும் கருவி) இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் குன்றின் மேலுள்ள கற்திட்டைகளை, அதாவது கற்பலகைகளால் அமைந்த பழங்கால ஈமச் சின்னங்களைப் படமெடுக்க என்னோடு வெயிலில் பலமுறை ஏறியவர் என்பதால், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பெட்டியின் அடிப்படை விவரங்கள் எல்லோரும் அறிந்தவையே. நான்கு டெராபைட் வட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். கிருஷ்ணகிரியில் உள்ள என் வீட்டு மாடி அறையில் யுபிஎஸ்ஸுடன் இணைந்து அது இரவும் பகலும் ஓடுகிறது. இரண்டாம் ஆண்டின் கோடையில் ஒரு வட்டு பழுதானபோது பெட்டி ஓயாமல் ஒலியெழுப்பி என்னை அழைத்தது. புதிய வட்டைச் செருகியதும் ஓர் இரவு முழுவதும் அமைதியாக உழைத்து, ஒரு படத்தைக்கூட இழக்காமல் எல்லாவற்றையும் மீட்டுத் தந்தது. அந்த விடியற்காலையில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் மறக்கவில்லை. நான் படமெடுத்தபின் சாலை விரிவாக்கத்தில் இடம் பெயர்ந்த நடுகற்கள் சிலவற்றுக்கு, அவை முதலில் நின்ற நிலையைக் காட்டும் சான்று என்னிடம் இருப்பது அந்த வட்டுகளில் மட்டுமே.

இனி, குறையைச் சொல்ல வேண்டும். மடிக்கணினியிலிருந்து கோப்புகளைப் பெட்டிக்கு நகலெடுக்கும் வேலை கடந்த மார்கழியில் திடீரென நின்றது. ஒரே கோப்புறையிலிருந்து அறுநூறு படங்களை அனுப்பினால் சில போய்ச் சேரும். சிலவற்றில் எதிர்பாராத பிழை என்று ஓர் அறிவிப்பு வரும். மீண்டும் முயன்றால் மீண்டும் அதே அறிவிப்பு. பிழையின் காரணம் என்ன என்பதை மடிக்கணினியும் சொல்லவில்லை, பெட்டியும் சொல்லவில்லை.

முதலில் வைஃபை மீது சந்தேகம் கொண்டு, கேபிளில் நேரடியாக இணைத்தேன். அப்போது நொடிக்குப் பதினொரு மெகாபைட்டுக்கு மேல் வேகம் ஏறாததைக் கண்டு கேபிளைச் சோதித்தேன். உள்ளிருக்கும் நான்கு கம்பி இணைகளில் ஒன்று முனையில் அறுந்திருந்தது. கிகாபிட் வேகத்திற்கு நான்கு இணைகளும் தேவை. இரண்டு மட்டும் உயிரோடிருந்தாலும் நூறு மெகாபிட்டில் (மெகாபைட் கணக்கில் அதில் எட்டில் ஒரு பங்கு) இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பழுது அதுவரை வெளியே தெரியவில்லை. முனையை மாற்றியதும் வேகம் நூறு மெகாபைட்டைத் தாண்டியது. ஆனால் அதே படங்கள் அதே இடத்தில் நின்றன.

அடுத்து ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். மடிக்கணினியின் நெட்வொர்க் மென்பொருள் கெட்டுவிட்டது என்று அங்கே முடிவு செய்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். பணமும் இரண்டு நாட்களும் போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டிக்குள் நுழையவே முடியவில்லை. விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாகவே மறுக்கிறது. அது பாதுகாப்புக்கு நல்லதே என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து உள்ளே நுழைந்தேன். படங்கள் அப்போதும் நகரவில்லை.

யூஎஸ்பி வட்டு ஒன்றுக்கு அவற்றை நகலெடுத்தபோது ஒன்றுகூடத் தவறாமல் சென்றதைக் கண்டுதான் மடிக்கணினியின் மேல் குற்றமில்லை என்று உறுதியாயிற்று. பிறகு, கேமரா வைத்த எண்பெயரோடு இருக்கும் படங்கள் தடையின்றிச் செல்வதையும், நான் பெயரிட்ட படங்களில் பல நின்றுவிடுவதையும் கவனித்தேன். நின்ற ஒரு படத்தின் பெயரை 'அ' என்று மாற்றினேன். கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

என் படங்களின் பெயர்கள் நீளமானவை. மாவட்டம், ஊர், வகை, படத்தில் தெரியும் பகுதி, ஆண்டு ஆகிய அனைத்தையும் பெயரிலேயே எழுதிவிடுவேன். கிருஷ்ணகிரி 2004ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமானது; அதற்கு முன் அச்சான கல்வெட்டுத் தொகுப்புகளில் இவ்வூர்கள் தருமபுரி மாவட்டத்தின் கீழ் இருக்கும் என்பதால், நடுகற்களுக்கு இரண்டு மாவட்டப் பெயர்களையும் சேர்ப்பதுண்டு. நகராமல் நின்ற ஒரு படத்தின் பெயர் இது: 'கிருஷ்ணகிரி-மல்லச்சந்திரம்-கற்திட்டை-பலகைக்கல் இடுதுளை-2023'. இதில் நம் கண்ணுக்குத் தெரியும் தமிழ் எழுத்துகள் முப்பது. கணினிக்கு அவை முப்பது ஆகா. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ல்' என்பது லகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. இவ்வாறு முப்பது எழுத்துகள் ஐம்பது குறியீடுகளாகின்றன. பெட்டிக்குள் இயங்கும் லினக்ஸ், பெயர்களை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக நூற்றைம்பது பைட், சிறுகோடுகள், இடைவெளி, ஆண்டு, கோப்பு வகையின் பின்னொட்டு ஆகியவற்றுக்கு மேலும் பதின்மூன்று, மொத்தம் 163.

லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட் வரை நீளலாம் என்பதால் இது அடங்கியிருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் இப்படங்களுக்கான கோப்புறையை நான் குறியாக்கம் செய்து, அதாவது திறவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருந்தேன். காவலின்றி வயல்வெளியில் நிற்கும் கற்களின் சரியான இருப்பிடம் தவறானவர் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம். பெட்டி பயன்படுத்தும் ஈகிரிப்ட்எஃப்எஸ் என்னும் முறை, கோப்பின் பெயரையும் மறையெழுத்தாக மாற்றுகிறது. மாற்றிய பெயர் மூலப் பெயரைவிட நீளும் என்பதால், நாம் வைக்கும் பெயர் 143 பைட்டுக்குள் இருக்க வேண்டும். விண்டோஸோ பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணி 255 வரை ஏற்கிறது. மடிக்கணினிக்குச் சரியாகத் தோன்றிய பெயர் பெட்டிக்குப் பொருந்தாமல் போனது இதனால்தான்.

தொழில்நுட்பக் காரணத்தை நான் ஏற்கிறேன். என்னால் ஏற்க முடியாதது, அந்த எல்லையை உதவிக் குறிப்புகளின் அடியில் ஒரு வரியாக வைத்துவிட்டு, கோப்பு நிற்கும் நேரத்தில் பெயர் நீளம் என்று ஒரு சொல் சொல்லாமல் விட்டதுதான். ஆங்கிலத்தில் பெயரிடுபவருக்கு 143 எழுத்துகள் கிடைக்கின்றன. எனக்கு ஏறத்தாழ 28. ஆங்கிலத்தில் அவ்வளவு நீண்ட பெயரைப் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை என்பதால் இந்தச் சுவரில் அவர்கள் மோதுவது அரிது. தமிழில் ஒழுங்காகப் பெயர் எழுதுபவரே மோதுகிறார். இந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால், கடைக்குக் கொடுத்த பணமும் ஒரு மாதத்து உறக்கமும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. எல்லை ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியானது. முழுப் பாதைக்கும் (கோப்புறைகளின் பெயர்களும் கோப்பின் பெயரும் வரிசையாகச் சேர்ந்த முகவரிக்கும்) சேர்த்து அன்று. ஆகவே மாவட்டத்தை ஒரு கோப்புறையாகவும், ஊரை அதனுள் ஒன்றாகவும், வகையை அதனுள் ஒன்றாகவும் பிரித்தால் கோப்பின் பெயர் சுருங்கிவிடும். விண்டோஸில் முழுப் பாதையும் 260 குறியீடுகளுக்குள் இருக்குமாறு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறியாக்கம் இல்லாத கோப்புறைக்கு மாறினால் ஏறத்தாழ ஐம்பது தமிழ் எழுத்துகள் வரை இடமுண்டு.

நான் கோப்புறைகளாகப் பிரித்து வருகிறேன், மனம் நிறையவில்லை. ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டதற்கு ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினேன். 'பலகைக்கல் இடுதுளை-2023' என்ற பெயர் மட்டுமே அவருக்குச் சென்றது. எந்த ஊர் என்று அவர் திரும்பக் கேட்டார். படம் எங்கே போனாலும் தன் ஊரைத் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அத்தனை ஆண்டுகள் நீண்ட பெயர்களை எழுதினேன்.

வட்டு பழுதானபோது என் படங்களைக் காத்த பெட்டி இது. இதன் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். தம் படங்கள் கேமரா எண்களோடுதான் இருக்கின்றன, தமக்கு இந்தத் தொல்லை வராதே என்றார் அவர். முதலில் அந்தப் படங்களுக்கு ஊர்ப்பெயரை எழுதுங்கள், பெட்டியைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.