பழைய காருக்கு டிஆர்எல்: பேட்டரி வயரா, ஃபியூஸ் பாக்ஸா?

பம்பரில் எல்இடி டிஆர்எல் (பகலில் கார் கண்ணில் படுவதற்காக முன்னால் எரியும் விளக்கு) மாட்டுவது சுலபம், கரண்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் யோசிக்கணும்.

பல கிட்டுகளில் ஒரு சின்ன கண்ட்ரோல் பாக்ஸ் வரும். வயரை நேராக பேட்டரியில் கொடுத்தால் போதும். என்ஜின் ஓடி வோல்டேஜ் 14 பக்கம் ஏறினால் அதுவே விளக்கைப் போடும், நிறுத்தி 12.6க்கு இறங்கினால் அணைக்கும். ஆனால் பெல்ட் தளர்ந்த, ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) சோர்ந்த பழைய காரில் ஐட்லிங்கின்போது வோல்டேஜ் சரிந்து விளக்கு அணைந்து அணைந்து எரியும். பேட்டரியை சார்ஜரில் போட்டால், நிற்கிற காரிலும் எரியும்!

இன்னொரு வழி, இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸிலிருந்து எடுப்பது. ஃபியூஸ் பாக்ஸ் கேபினுக்குள் இருந்தால் வயரை ஃபயர்வால் (கேபினுக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ரப்பர் வழியாக வெளியே கொண்டுவரணும், எரிச்சலான வேலைதான். ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் தானாக அணைய (ஐரோப்பிய விதியும் இதைத்தான் கேட்கிறது) ஐந்து பின் ரிலே (கரண்ட்டால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்று வேண்டும்: காயிலுக்கு ஹெட்லைட் கரண்ட், 30 என்ற பின்னில் ஃபியூஸ் வயர், 87ஏ என்ற பின்னில் டிஆர்எல். அப்புறம் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கவலையில்லை, விளக்கு சாவியை மட்டும்தான் கேட்கும்.

ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருந்தால் கண்ட்ரோல் பாக்ஸே போதும், இல்லையென்றால் நான் ரிலே பக்கம்தான். எதுவானாலும், எடுக்கிற இடத்திலேயே தனி ஃபியூஸ் போடாமல் விடாதீர்கள்.