கொல்லிமலை வளைவுகளில் முன் பிரேக்: சில வருட அனுபவம்

வளைவில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லித்தான் நம்மில் பலருக்கு பைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். சில வருடங்களாக 150 சிசி பைக்கில் கொல்லிமலை, ஏற்காடு என்று ஏறி இறங்கியதில், அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. முன் பிரேக்கை வெடுக்கென்று அமுக்குவதுதான் ஆபத்து.

டயரின் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பைக் சாய்ந்திருக்கும்போது பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும். மிச்சத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வழுக்காவிட்டாலும் வண்டி நிமிர்ந்து நேராகப் போகப் பார்க்கும். இடது வளைவில் அப்படி நடந்தால் எதிரே வரும் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்போம்.

அதனால் வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து, முக்கால்வாசி வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்துவிடுகிறேன். சாய்க்கத் தொடங்கியதும் முன் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். சட்டென்று விட்டால் அமுங்கியிருந்த ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) எழும்பி வண்டி குலுங்கும். இப்படி விடப் பழகத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. இறக்கத்துக் கொண்டை ஊசியில் லேசான பின் பிரேக்கும், கியரில் இருக்கும்போது எஞ்சினே வேகத்தைக் குறைக்கும் இழுப்பும் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வளைவின் நடுவில் திடீரென மாடு நின்றால்? இடமிருந்தால் முதலில் வண்டியை நிமிர்த்திவிட்டு அழுத்திப் பிடிக்கலாம். இல்லையென்றால் மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இதற்கெல்லாம் நேரம் கிடைப்பது வேகத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகம் 40 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். என்னுடையது சிங்கிள் சேனல், முன் சக்கரத்துக்கு மட்டும்தான். மழையில் நேர் ரோட்டில் நன்றாகக் கைகொடுத்தது. ஆனால் பின் சக்கரம் இன்னமும் பூட்டிக்கொள்ளும். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் இந்த ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. அதை நம்பி வளைவில் அழுத்துவதில்லை.

ரேஸ் வீடியோ பார்த்துவிட்டு வளைவை வெட்டி ஓட்டுவது இங்கே வேலைக்காகாது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஏறி வரும் பஸ்ஸுக்கு ரோடு முழுவதும் தேவைப்படலாம். அகலம் போதாத இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும், விதியும் அதுதான்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் லீவர் பஞ்சு போல உள்ளே போகும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் பிரேக் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனாலும் எடை ஏறுவதால் அன்றைக்கு வழக்கத்தைவிட முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுவேன்.