திருகோணமலைக்குத் திமிங்கிலம் பாக்கப் போற எங்கட சனம், காசு போட முதல் இதை வாசியுங்கோ

லீவுக்கு வெளிநாட்டில இருந்து கன குடும்பங்கள் வந்து நிக்கிற நேரம் இது, முல்லைத்தீவு கிளிநொச்சிப் பக்கத்து வட்ஸ்அப் குறூப்புகளில ஒரு நோட்டீஸ் சுத்துது, "சின்ன போட்டில கிட்டப் போய் திமிங்கிலம் பாக்கலாம், குடும்பத்தோட வாங்கோ" எண்டு. தயவுசெய்து அதைப் பாத்துக் காசு போடாதேங்கோ. நாங்கள் எட்டுப் பேர் காசு கட்டிப் போய், அதில ஆறு பேர், ரெண்டு சின்னப்பிள்ளையளோட, கடலுக்க எஞ்சின் நிண்டு அலைக்கழிஞ்சு வந்தனாங்கள், இண்டை வரைக்கும் ஒரு சதம் திரும்பி வரேல்ல.

காசு கட்ட முதல் அந்த நோட்டீஸ் போட்ட ஏஜென்ட்டிட்ட நான் எல்லாம் கேட்டனான். லைசன்ஸ் இருக்கோ, லைப் ஜக்கெட் பிள்ளையளின்ர அளவிலயும் இருக்கோ, விடிய எத்தினை மணிக்கு இறங்குறது எண்டு ஒண்டொண்டாக் கேட்டன், எல்லாத்துக்கும் ஓம் தங்கச்சி ஓம் தங்கச்சி எண்டவர், அந்த வொய்ஸ் மெசேஜ் எல்லாம் இன்னும் என்ர போனில கிடக்கு. ஆளுக்கு 9,500 ரூபா, முழுக்காசும் முன்னுக்கு வேணும், திமிங்கிலம் காணாட்டி பாதிக்காசு திருப்பித் தருவம் எண்டும் அவற்ற வாயாலதான் சொன்னவர். காசு போட்ட எக்கவுண்ட் வேற ஒரு ஆளின்ர பேரில இருந்தது, கேட்டதுக்கு "அது எங்கட கணக்காளர்" எண்டார்.

புதுக்குடியிருப்பில சாமத்தில வான் வெளிக்கிட்டு ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை எண்டு ஓடி விடிய அஞ்சு மணிக்கே திருமலை உப்புவெளிக் கடற்கரையில போய் நிண்டிட்டம். ஒருத்தரும் இல்லை. போன் அடிச்சா எடுக்கிறேல்ல, பிறகு எடுத்து "இந்தா வருது" எண்டார், பிறகு திரும்பவும் எடுக்கிறேல்ல. பிள்ளையள் மணலிலயே நித்திரையாப் போச்சுதுகள். வானுக்குள்ள வரேக்க கன்ஃபர்ம் எண்டு அவர் அனுப்பின படத்தைக் கனடாவில இருந்து வந்த பெரியம்மாவின்ர மகனுக்குக் காட்டினனான். அண்ணை பாத்த உடன சொன்னார், இது திருமலை இல்லை, அலாஸ்கா எண்டு. கூனல் திமிங்கிலம் தண்ணியை விட்டு முழுசா மேல பாயுது, பின்னுக்கு நீல நிறத்தில பனியாறு கடலுக்க இறங்குது! திருமலையில சனம் பாக்கப் போறது கூடுதலா நீலத் திமிங்கிலம், அது உப்பிடிப் பாயுறது மிச்சம் குறைவு, மூச்சு விடேக்க ஆவி 30 அடி உயரத்துக்குப் பீச்சுறதும் தாழேக்க வால் எழும்புறதும்தான் காட்சி. காசை வாங்கிப்போட்டு எங்கேயோ வடதுருவப் பக்கத்துப் படத்தை அனுப்பியிருக்கிறார்.

ஒன்பதரைக்குப் பிறகு ஒரு பெடியன் ஒரு பிளாஸ்டிக் போட்டைக் கொண்டந்து விட்டான். எங்களோட வந்த மாமா முல்லைத்தீவுக் கள்ளப்பாட்டில சின்ன வயசில இருந்து கடல் தொழில் செய்யிறவர், அவர் போட்டை ஒருக்கா சுத்திப் பாத்திட்டு "பிள்ளை, இது வலை போடுற போட்" எண்டார். பக்கத்தில ஓ.எஃப்.ஆர்.பி எண்டு தொடங்குற நம்பர், மீன்பிடித் திணைக்களத்தில தொழிலுக்குப் பதியுற நம்பர் அது. 18 அடி போட், மண்ணெண்ணெயில ஓடுற ஒரே ஒரு எஞ்சின், மேலதிக எஞ்சினும் இல்லை, தண்டும் இல்லை. லைப் ஜக்கெட் அஞ்சு கிடந்தது, ரெண்டுக்கு வார் அறுந்துபோய் இருந்தது. எட்டுப் பேரும் ஒண்டா ஏற வேண்டாம் எண்டு மாமா மறிச்சார், ஏஜென்ட்டுக்குப் போன் எடுத்தா "ஏறாட்டி காசு இல்லை" எண்டு கட் பண்ணிப்போட்டார். கடைசியில பெரியம்மாவும் அம்மாவும் கரையில நிக்க மிச்சப் பேர் இருந்த ஜக்கெட்டைப் பிள்ளையளுக்குக் கட்டி ஏறினம், வார் இல்லாததை மாமா கயிறு போட்டுக் கட்டினார்.

அந்தப் பெடியனில நான் பிழை சொல்ல மாட்டன். அவன் பாவம், அண்டு காலமைதான் அவனுக்கே சொல்லியிருக்கு, போட்டுக்கு 20,000 ரூபா எண்டு. நாங்கள் கட்டினது 76,000. மிச்சம் ஆற்ற பொக்கெட்டுக்குப் போனது எண்டு நீங்களே பாருங்கோ.

திருமலைக் கடல் கரைக்குக் கிட்டவே திடீரெண்டு ஆழமாகிற கடல், துறைமுக வாயிலேயே கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கு இருக்கு, அதாலதான் மாசியில பங்குனியில தொடங்கி ஆவணி வரைக்கும் அங்க திமிங்கிலம் வருது, கோணேசர் கோயில் மலையில நிண்டே கண்ட சனம் இருக்கு. ஆனா போறதெண்டா விடியப்புறம் போகோணும், வெயில் ஏற ஏற கச்சான் காத்துப் பிடிச்சிடும், கடல் நுரைச்சா தூரத்தில திமிங்கிலம் மூச்சு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. எங்களைக் கொண்டுபோனது பத்து மணிக்கு! அந்தக் கோயில் மலை தெரியுற தூரத்தைத் தாண்டவே இல்லை, ஒரு மணித்தியாலம் சும்மா சுத்தினம், அலை அடிச்சு பிள்ளையள் சத்தி எடுக்கத் தொடங்கிட்டுதுகள், அப்பதான் எஞ்சின் நிண்டது. பெடியன் இழு இழு எண்டு இழுக்கிறான், ஸ்ராட் வருதில்லை, காத்து எங்களை வெளியில தள்ளுது. என்ர மச்சாள் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுத அழுகை எனக்கு இன்னும் காதுக்க நிக்குது. மாமா சேட்டைக் கழட்டி வீசி வீசிக் காட்டி, தொழிலுக்குப் போய்த் திரும்பி வந்த ஒரு போட்காரர் கண்டு கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து கரையில விட்டவர். அவர் ஒரு ரூபாவும் வாங்கேல்ல, அந்த அண்ணை நல்லா இருக்கோணும்.

ஏஜென்ட்டுக்கு எடுத்தம். "நீங்கள்தானே பாதியில திரும்பினீங்கள், அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" எண்டார். பாதிக்காசு எண்டு சொன்னீங்களே எண்டா, அது "கடல் நல்லா இருந்தா மட்டும்" எண்டு புதுசா ஒரு கதை. பிறகு நம்பரை புளொக் பண்ணிட்டார்.

அண்ணை போன வருசம் அலாஸ்காவில சியூவேர்ட் எண்ட இடத்தில இருந்து இதே மாதிரிச் சின்ன போட்டில போனவர். முதல் நாள் காத்து எண்டு அவையளே நிப்பாட்டி, கேக்காமலே முழுக்காசும் திருப்பிப் போட்டிட்டினமாம். அடுத்த நாள் போகேக்க ஐயாலிக் பனியாத்துக்கு முன்னால கப்டன் நல்ல தூரத்திலயே எஞ்சினைக் குறைச்சு நிப்பாட்டிட்டாராம், ஐஸ் உடைஞ்சு விழுந்தா எழும்புற அலை சின்ன போட்டைப் பிரட்டிப் போடும் எண்டு. ஏறின உடன ஒவ்வொருத்தரின்ர ஜக்கெட்டையும் இழுத்துப் பாத்தவையாம். இஞ்ச எங்களுக்கு "கிட்டப் போய் பாக்கலாம்" எண்டே விளம்பரம். இலங்கையிலயும் சட்டம் இருக்கு, திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள்ள போட்டைக் கொண்டு போகக் கூடாது, கிட்டக் காட்டுறன் எண்டு சொல்லுற ஆள் சட்டத்தை மீறப்போறன் எண்டுதான் சொல்லுறார்.

திருமலையில ஒழுங்காச் செய்யிற ஆக்களும் இருக்கினம், அவையின்ர பேரைக் கெடுக்க நான் இதை எழுதேல்ல. போறதெண்டா இடையில ஏஜென்ட் வேண்டாம், போட் வச்சிருக்கிறவரோடயே கதையுங்கோ, போட்டின்ர போட்டோவும் லைசன்ஸும் முதலே கேளுங்கோ, முழுக்காசையும் முன்னுக்குக் குடுக்காதேங்கோ. லைப் ஜக்கெட் ஆளுக்கு ஒண்டு இல்லாட்டி ஆர் என்ன சொன்னாலும் ஏறாதேங்கோ, பிள்ளையளோட போறவை இதை மட்டும் கட்டாயம் பாருங்கோ.

நாங்கள் நுகர்வோர் அதிகாரசபையின்ர 1977 நம்பருக்குப் போன் அடிச்சுச் சொல்லியிருக்கிறம், பொலிசுக்கும் போகப்போறம். இதே மாதிரி நோட்டீசுக்குக் காசு போட்டு ஏமாந்தவை ஆரும் இருந்தா பாங்க் சிலிப், வொய்ஸ் மெசேஜ் ஒண்டையும் அழிக்காம எனக்கு இன்பொக்ஸில வாங்கோ, எல்லாருமாச் சேர்ந்து ஒரே முறைப்பாடாக் குடுப்பம்.